ஆறெழுத்துக்குத் தொண்ணூறு குறிகள்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி. அலுவிகாரையில் என் பக்கத்து வீட்டில் இருக்கும் பரீனா, போனும் கையுமாக ஓடி வந்தார்.

"சேர், பாலர் பாடசாலை டீச்சர் வேலைக்கு இண்டைக்கு நாலு மணிதான் கடைசி. ஒன்லைன்ல மட்டுந்தான் போடலுமாம். இந்த அட்ரஸப் பாருங்க... தல சுத்துது!"

விண்ணப்பம் கோரிய அலுவலகத்தின் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த தாளைப் படம் பிடித்திருந்தார். இணைய முகவரி முதல் பாதி ஒழுங்கு. பிறகு, %E0%AE%B5%E0%AE%BF என்று தொடங்கி இரண்டு வரிக்கு ஓடியது.

விண்ணப்ப நடைமுறையில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? அரச அலுவலகத்தில் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவராக, பிரதம லிகிதராக ஓய்வு பெற்றவன் நான். என் சிவப்புப் பேனாவைத் தாண்டாமல் ஒரு கடிதமும் வெளியே போனதில்லை. சான்றிதழ்களை ஸ்கேன் செய்தேன். முகவரியைத் தட்டும்போது, அந்தச் சதவீதக் குறிகளை மட்டும் விட்டுவிட்டேன். பிரின்டர் கோளாறு — என் தீர்ப்பு!

'பக்கம் இல்லை' என்றது கணினி. மறுபடியும் இல்லை. மணி மூன்று முப்பத்தைந்து. பரீனாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"நோட்டீஸ்ல இருக்கிற மாதிரியே அடிச்சீங்களா ஐயா?"

"குப்பைய எடுத்துட்டு அடிச்சேன்."

"அந்தக் குப்பைதாங்க தமிழ்! கடைசியில 'விண்ணப்பம்'னு தமிழ்ல பேர் வச்சிருக்கோம். வெப் அட்ரஸ்ல தமிழ் அப்படியே போகாது. ஒரு எழுத்த மூணு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு % போட்டுத்தான் அனுப்பும். புள்ளிக்கும், 'வி'யில இருக்கிற கொக்கிக்கும் தனித்தனியா மூணு."

"வாட்ஸ்அப்ல லிங்க்க அனுப்புங்களேன்."

"அதுக்கு அனுமதி இல்லைங்க."

நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

எண்ணிப் பார்த்தேன். ஆறெழுத்துச் சொல், தொண்ணூறு குறிகள். நடைமுறை என்றால் நடைமுறைதானே? பொறுமையாக முதல் குறியிலிருந்து தொடங்கினேன்.

"சேர்... கம்பியூட்டர் தானே துண்டாக்குது?" என்றார் பரீனா. "நாங்க நேரா தமிழ்லயே அடிச்சா என்ன?"

அடித்தார். திறந்தது! மூன்று ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

எனக்கு வெட்கம் கொஞ்சம், நிம்மதி நிறைய. முப்பது வருடங்களாக என் மேசை முன் வரிசையில் நின்றவர்கள் ஒரே சொல்லில்தான் கேட்டார்கள். அதை உடைத்து, எண் போட்டு, மும்மூன்று பிரதியாகக் கேட்டவன் நானல்லவா?

"விண்ணப்பம் கிடைச்சிட்டுன்னு மெசேஜ் வந்தீக்கி சேர்! ஒரு பிரின்ட் எடுத்துத் தாங்களேன்."

மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன்... பழக்கம்!