ரோஸ்லின் அக்கா குற்றாலத்தில் எடுத்த என் அப்பா படம்

ரோஸ்லின் அக்கா போய்விட்டார்... காலையில் பாளையங்கோட்டையிலிருந்து அவர் மகள் போன் செய்தாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நாங்கள் இருவரும் டீச்சர்கள். எனக்கு இருபத்திரண்டு, அவருக்கு முப்பது.

அவரிடம் ஒரு பாக்ஸ் கேமரா உண்டு. அவர் அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். பையில் எதையோ தேடுகிறார் என்றுதான் தெருவில் நினைப்பார்கள்.

எடுத்ததெல்லாம் ஆண்களை மட்டும். சலூன் நாற்காலியில் வாய் திறந்து தூங்குபவர், பஸ் ஸ்டாண்டில் மகளை ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைப்பவர்...

"கேமராவைப் பாத்துட்டா மீசையை நீவிட்டு விறைப்பா நிக்காங்க கோமதி. அதான் தெரியாம எடுக்கேன்."

ஒருமுறை குற்றாலத்தில் மாட்டிக்கொண்டோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சி எழுந்து வந்தார். "என்னை எதுக்கும்மா படம் பிடிக்கிய?"

"கண்ணை மூடிச் சிரிச்சிட்டு இருந்திய அண்ணாச்சி. பாக்க நல்லா இருந்துச்சு."

அவர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். "அப்பம் எனக்கும் ஒண்ணு கழுவித் தாங்க."

அடுத்த சீசனில் அக்கா ஒரு வாரம் லீவு போட்டுக் குற்றாலத்தில் அத்தை வீட்டில் இருந்தார். திரும்பி வந்ததும் ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு படத்தை என் கையில் வைத்தார்.

ஆற்றோரப் பாறையில் தனியாக என் அப்பா. பக்கத்தில் குடை, திறக்காத டிபன் கேரியர்.

"எடுக்கும்போது யாருன்னு தெரியலட்டி. கழுவி வந்த பிறகுதான் உங்க அப்பான்னு புரிஞ்சுது. நான் ஆத்துக்குப் போன மூணு நாளும் அதே ஆளு அங்கனதான் இருந்தாரு. நான் யார்ட்டயும் சொல்லல."

அப்பா ஜவுளிக்கடையில் கணக்கப்பிள்ளை. தினமும் எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புவார். கடைக்குத்தான் போகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் குற்றாலம் போனேன். அதே பாறையில் அப்பா.

"ஏட்டி, பள்ளிக்கூடம் இல்லையா?"

"உங்களுக்குக் கடை இல்லையாப்பா?"

குடையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். "ஆளைக் குறைச்சிட்டாங்க. உங்க அம்மைட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல."

கேரியரைத் திறந்தேன். புளியோதரை. இருவரும் சாப்பிட்டோம். மாலை பஸ்ஸில் சேர்ந்தே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னோம். அம்மா அழவில்லை. "இதுக்கா இத்தனை நாள் சாரல்ல உக்காந்திய?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு மாதத்தில் கீழப்பாவூரில் ஒரு ரைஸ் மில்லில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது.

அக்கா நெகட்டிவையும் என்னிடமே கொடுத்துவிட்டார். அதன்பிறகு ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை...

முழங்கால் வலி, பாளையங்கோட்டைக்கு வர முடியவில்லை. இங்கிருந்தே கும்பிடுகிறேன், அக்கா.