ஒன்பது இஞ்ச் தட்டு

எங்கள் ஷெட்டில் உத்தரத்திலிருந்து ஒரு கொக்கித் தராசு தொங்குகிறது. ஆகஸ்ட் பிறந்தால் போதும், வீட்டிலுள்ள சாமானெல்லாம் அதில் ஏறி இறங்கும். ஸ்பூன் ஏறும், காலுறை ஏறும், பேஸ்ட் ட்யூப் ஏறும். ஒரு வருஷம் எங்கள் பூனைகூட ஏறியது. அது எதற்கென்று நான் கேட்கவில்லை.

என் புருஷன் எல்டன் வருஷத்தில் பதினொன்றரை மாதம் வீடுகளுக்கு காஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறான். மீதி அரை மாதம் கையில் ஒரு மரவில்லோடு மலைமேல் எல்க் மானின் பின்னால் அலைகிறான். சக்கரமும் கம்பியும் வைத்த நவீன வில் இல்லை, குறிபார்க்கும் ஊசிகூட இல்லாத வெறும் மரமும் நாணும்தான். அதனால் இருபது தப்படிக்கு மேலே எய்ய மாட்டான். துப்பாக்கிக்காரர்கள் நானூறு கஜத்தில் சுட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்கள். இவன் ஒன்பது மைல் நடந்து, நாலு நாள் மழையில் உட்கார்ந்து, முப்பது தப்படியில் வந்து நின்ற எல்க்கைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு வெறுங்கையோடு வருவான். இருபத்திரண்டு வருஷத்தில் ஏழு எல்க். அந்த ஏழிலும் ஒன்றுகூடக் கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டி ஓடி விழுந்ததில்லை. எனக்கு அதில் பெருமைதான், அவனிடம் சொன்னதில்லை.

மூட்டைக்கு ஐம்பது பவுண்டு கணக்கு. அதற்கு மேல் ஒரு அவுன்ஸ் ஏறினாலும் ஏதாவது ஒன்று வெளியே போகும். ஏனென்றால் எல்க் விழுந்துவிட்டால் அதன் ஒரு பின்தொடையே இந்த மூட்டையைவிடக் கனம். அதை ஒன்பது மைல் முதுகில் சுமந்து இறக்க வேண்டும், அதுவும் நாலைந்து நடை. அதனால் வரைபடத்தின் ஓரங்களை வெட்டி எறிவான், கழிவறைத் தாள் சுருளின் நடு அட்டையை உருவிவிடுவான். ஆனால் வில்லுக்கான சாமானில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. மாற்று நாண் இரண்டு போகும், இரண்டும் வீட்டிலேயே நூறு அம்பு எய்து பழக்கப்பட்டவை. புது நாண் இழுபடும், அம்பை எங்கேயாவது கொண்டுபோய்விடும். அம்பின் வாலில் ஒட்டிய வான்கோழி இறகு மழையில் நனையாமலிருக்க ஒரு சின்ன டப்பாவில் பவுடர் போகும். அரமும் சாணைக்கல்லும் போகும். அம்புமுனையைத் தீட்டித் தீட்டி இடது முன்கையின் ரோமத்தை மழித்துப் பார்ப்பான். செப்டம்பரில் எல்டனுக்கு ஒரு கை குழந்தைக் கைபோல மொழுமொழுவென்று இருக்கும். சர்ச்சில் கைகுலுக்குகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

கடைசியாக ஒரு பீச் பழ டின், பாகோடு சேர்த்து ஒரு பவுண்டுக்கு மேல். எல்க் விழுந்த அன்றுதான் அதைத் திறப்பான். விழவில்லையென்றால் டின் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவரும். எங்கள் சமையலறை அலமாரியில் பல வருஷத்துப் பீச் டின்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றைத் தொட எனக்கு உரிமையில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டை எல்க்கை எய்தான். அம்பு நாலு விரற்கடை பின்னால் போய்விட்டது. மூன்று நாள் ரத்தத்தைத் தொடர்ந்து போனான், கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவன் குளிர்காலம் முடிகிறவரைக்கும் வில்லைத் தொடவில்லை. வசந்தத்தில் ஒருநாள் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். கிளம்புவதற்கு முந்தைய முப்பது காலையும், எழுந்தவுடன், கையைச் சூடாக்காமல், பழகிப் பார்க்காமல், ஒரே ஒரு அம்பு. இருபது தப்படி. ஒன்பது இஞ்ச் பேப்பர் தட்டு. மலையில் இரண்டாவது அம்புக்கு எல்க் காத்து நிற்காது என்பான். முப்பதில் மூன்று தப்பலாம். நாலாவது தப்பினால் அந்த வருஷம் வில் வீட்டில்.

பத்து வருஷமாக அவனுக்கு இரண்டுக்கு மேல் தப்பியதில்லை. போன வருஷம் பிப்ரவரியில்தான் லாரிப் படியில் பனி வழுக்கி விழுந்து வலது தோளைக் கிழித்துக்கொண்டான். ஆபரேஷன், தூளிக்கட்டு, மூன்று மாதம் வீட்டில். இவன் என் அடுப்படியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அந்த மலைமேலேயே கோபம் வந்தது. ஜூனில் என் தம்பி வெண்டல் இழுக்க லேசான ஒரு வில் கொண்டுவந்து கொடுத்தான். எல்டன் அதை இழுத்துப் பார்த்தான். முகத்தில் வலி தெரிந்தது, ஆனால் சிரித்தான். நாலு மாதத்துக்கு அப்புறம் அன்றுதான் அவன் பல்லைப் பார்த்தேன்.

ஆகஸ்டில் முப்பது காலை தொடங்கியது; எழுந்ததும் அவன் வில்லுக்கு நாண் பூட்டுவான். நான் வைக்கோல் கட்டில் புதுத் தட்டை ஒரே ஆணியில் நடுவாக அடித்துவைப்பேன். எய்ததும் அவன் அம்பை உருவுவான். தட்டை நான் எடுத்துத் தேதி எழுதி ஷெட்டில் அடுக்குவேன். இருபத்து மூன்றாம் நாள் அம்பு தட்டுக்கு வெளியே வைக்கோலில் போய்ச் சொருகியது. அது மூன்றாவது தப்பு.

"இன்னும் ஏழு நாள் இருக்கு," என்றான்.

"அதனால என்ன? ஏழும் போடுவ," என்றேன்.

"தோளு சொல்றத கையி கேக்கல மார்வா."

அன்று தட்டுப் பொட்டலமும் தீர்ந்தது. கடைக்குப் போனேன். ஒன்பது இஞ்சும் இருந்தது, பக்கத்தில் பத்து இஞ்சும் இருந்தது. இரண்டும் வெள்ளை. என் கை பத்துக்குப் போனது. தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தெரிந்தே எடுத்தேன். அவன் மலைக்குப் போகாத செப்டம்பரை நான் பார்த்ததில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

ஏழு நாளும் அம்பு தட்டில்தான் விழுந்தது. இருபத்தாறாம் நாளும் முப்பதாம் நாளும் ஓரத்தில். முப்பதாம் நாள் எல்டன் வில்லைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான், கெட்ட தோளோடு. நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் வெண்டல் தன் மூட்டையோடு வந்தான். எல்டன் அதைத் தராசில் மாட்டினான்.

"அறுபத்து மூணு. உள்ள யாராவது ஆள் ஒளிஞ்சிருக்கானா?"

"அளவாத்தான் வச்சிருக்கேன் மச்சான்."

எல்டன் கையை விட்டு ஒரு மடக்கு நாற்காலியை வெளியே இழுத்தான்.

"அக்கா, நீயே சொல்லு. மனுஷன் உக்காரக் கூடாதா?"

"மலை முழுக்கக் கல்லுதான கிடக்கு? போய் உக்காரு," என்றேன்.

"கல்லு குளிருதே!"

"அப்ப கல்ல விட்டுட்டு வீட்டுலயே உக்காரு. அக்கா பாலும் பிஸ்கட்டும் தருவா," என்றான் எல்டன். நாற்காலி ஷெட்டின் மூலைக்குப் போனது. பின்னாலேயே மூன்று டப்பா பீன்ஸும், ஒரு தலையணையும், ஒரு பவுண்டு சீஸும் போயின. சீஸுக்கு மட்டும் வெண்டல் சண்டை போட்டு ஜெயித்தான்.

பிறகு எல்டன் தன் மூட்டையைக் கட்டினான். அவன் கட்டுவதைப் பார்க்க எனக்குச் சலிக்காது. தூங்கும் பை அடியில், கனமானதெல்லாம் முதுகை ஒட்டி, மழைச்சட்டை மேலே, கை போட்டதும் வருகிற இடத்தில். சமையல் வாணலி கடைசி. ஒவ்வொரு வருஷமும் எய்த முப்பது தட்டுகளையும் அந்த வாணலிக்குள் அடுக்கி மூடி போட்டுவிடுவான். மெழுகு பூசிய தாள், ஈரத்திலும் பற்றும், பன்னிரண்டு நாளைக்கு அடுப்புப் பற்றவைக்க அதுதான். ஒன்பது இஞ்ச் வாணலிக்கு ஒன்பது இஞ்ச் தட்டு, அளவெடுத்ததுபோல உட்காரும்.

இதை நான் பத்து வருஷமாகப் பார்க்கிறேன். கடையில் நின்றபோது ஞாபகம் வரவில்லை. திருட்டுப் புத்திக்கு ஞாபகம் ஏது?

மூடி உட்காரவில்லை. அமுக்கினான். எழும்பியது. திரும்ப அமுக்கினான்.

"என்ன மச்சான், வாணலி சின்னதாயிருச்சா?" என்று வெண்டல் சீஸைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

எல்டன் மூடியைக் கீழே வைத்தான். தட்டுகளை வெளியே எடுத்தான். மேலே இருந்த ஏழையும் தனியாக வைத்தான். ஒரு பழைய தட்டை எடுத்து, நடு ஆணித்துளைக்கு ஆணித்துளை பொருத்தி, புதுத் தட்டுகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். ஐந்தில் அம்பு துளைத்த ஓட்டை உள்ளே இருந்தது. இருபத்தாறாம் நாள் தட்டிலும் முப்பதாம் நாள் தட்டிலும் ஓட்டை வெளியே, பழைய தட்டின் விளிம்பைத் தொடாமல்.

"மூணும் ரெண்டும் அஞ்சு தப்பு," என்றான்.

வெண்டலுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"அரை இஞ்சுதான எல்டன்!" என்று வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் பெட்டைக்கும் நாலு விரக்கடதான் மார்வா."

"மச்சான், விடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எல்க்குக்குத் தெரியும்டா."

"நீ ஜன்னல்கிட்ட உக்காந்திருந்தத நான் பாத்தேன். மூணு மாசம் பாத்தேன்! இன்னொரு தடவ என்னால முடியாது. அதான் பண்ணேன், போதுமா?" என்று கத்தினேன். தப்பு செய்தவள் கத்துவது அழகில்லை என்று தெரியும். கத்தினேன்.

எல்டன் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது. வில்லை எடுத்து நாணைக் கழற்றினான். துணியில் சுற்றிச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே படுக்கவைத்தான். அம்பறாத்தூணி, மாற்று நாண்கள், பவுடர் டப்பா ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அரத்தையும் சாணைக்கல்லையும் மட்டும் கையில் வைத்து யோசித்துவிட்டு, வெண்டலின் மூட்டைக்குள் போட்டான்.

"நீ தீட்டுற முனையில வெண்ணெய்கூட வெட்டாது. நான் தீட்டித் தர்றேன்."

"நீ... நீ வர்றியா மச்சான்?"

"வராம? எல்க்கக் கூப்புட உனக்குக் குழல் ஊதத் தெரியுமா? போன வருஷம் நீ ஊதினதுக்கு மாடுதான் வந்துச்சு."

மூட்டையைத் தராசில் மாட்டினான். நாற்பத்து மூன்று. முள்ளைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றான். பிறகு இறைச்சி கட்டும் துணிப்பைகள் இருக்கும் பெட்டியைத் திறந்து, வழக்கமான ஐந்தோடு இன்னும் மூன்றை எடுத்து உள்ளே திணித்தான். வெண்டலின் கூடாரத்தையும் வாங்கித் தன் மூட்டைமேல் கட்டினான். தூக்குவதற்கு இடுப்புப் போதும், தோள் வேண்டாம் என்றான். பீச் டின் தன் இடத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வாணலி மட்டும் தரையில் கிடந்தது. இருபத்து மூன்று சின்னத் தட்டுகளையும் உள்ளே அடுக்கினான். மீந்த ஏழையும் நான் குப்பையில் போடக் கையை நீட்டினேன்.

"அத இங்க கொடு," என்றான். ஏழையும் இரண்டாக மடித்து மழைச்சட்டைப் பையில் செருகினான். "மொத நாள் எப்பவும் ஈரமா இருக்கும். பெரிய தட்டு நல்லா எரியும்."

அதைச் சொன்னபோது என் கழுத்தில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெண்டல் சீஸை மறைப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் காலை, யாரும் கேட்காமலே, வெண்டல் தன் வில்லோடு வைக்கோல் கட்டுக்கு எதிரே போய் நின்றான். சின்னத் தட்டு. ஒரே அம்பு. அம்பு தட்டுக்குள் விழுந்ததும் அவன் விட்ட பெருமூச்சு சமையலறை வரைக்கும் கேட்டது.

கிளம்பிய எட்டாம் நாள் சாயங்காலம் இருவரும் திரும்பினார்கள். வண்டியிலிருந்து இறங்கிய எல்டன் ஒரு காலி டின்னை என் கையில் கொடுத்தான். பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. வெண்டல்தான் கதையைச் சொன்னான். எல்டன் ஊதிய குழலுக்குப் பெரிய ஆண் எல்க் ஒன்று பதினான்கு தப்படிக்கு வந்து நின்றதாம், வெண்டல் எய்தானாம். ஐந்து நடையில் மூன்றை மச்சானே சுமந்தானாம். பீச் பழத்தைப் பாதிப்பாதி தின்றார்களாம். முதல் நாள் மழையில் பெரிய தட்டுகள் நன்றாகவே எரிந்தனவாம். அவற்றைப் பற்ற வைத்தபோது எல்டன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"சூடா இருக்குன்னான், அக்கா. அவ்வளவுதான்."

இந்த ஆகஸ்டிலும் காலையில் ஒரு அம்பு எய்கிறான். இதுவரை பதினாறு நாள், ஒரு தப்பு. தட்டை இப்போதும் நான்தான் ஆணியில் அடிக்கிறேன். ஆனால் கடைக்கு அவனே போகிறான், பொட்டலத்தின் மேலே போட்டிருக்கும் அளவை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வாங்குகிறான்.