ஈயத்தாள் தொப்பிகளும் ஒரு தீபாவளிப் பெரட்டும்

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகினால் அதை அறிவிப்பதற்கு ஒரு முறை இருந்தது. ஆசிரியர் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கரிடம் சொல்ல வேண்டும். பெரிய கிளாக்கர், தோட்டத்தை நிர்வகிக்கும் வெள்ளைக்காரத் துரையின் முகம் நன்றாக இருக்கும் நாள் பார்த்துச் சொல்ல வேண்டும். துரை, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் பிற்பகுதியில் இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் ஆசிரியராக இருந்தபோது, இந்த முறை ஆண்டுதோறும் பிசகில்லாமல் நிறைவேறியது. கூரையும் பிசகில்லாமல் ஒழுகியது.

ஐப்பசி மழை பிடித்தால் முதலாம் வகுப்பு மூன்றாம் வகுப்பின் மடியில் உட்காரும். அந்த வருஷம் தாய்மார்கள் கூட்டமாக வந்து நின்றார்கள்.

"புள்ளைங்களுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிட்டு ராவெல்லாம் இருமுதுங்க சார். தீவாளி வரைக்கும் பாப்போம். கூரை போடலேன்னா இனிமே அனுப்ப மாட்டோம்."

அதாவது, தீபாவளிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் நானும் கரும்பலகையும் மட்டும் இருப்போம்.

தீபாவளியன்று காலையில் தொழிலாளர்கள் தப்பு அடித்துக்கொண்டு பங்களாவுக்குப் போய், துரைக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கொடுப்பது வழக்கம். வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள் துரை சிரிப்பார். பிள்ளைகளைக் காகிதக் கிரீடங்களோடு முன்வரிசையில் நிறுத்தி, அந்தச் சிரிப்பு காய்வதற்குள் கூரைப் பேச்சை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கிரீடம் செய்யும் முறையைப் பயிற்சிக் கல்லூரியில் கற்றிருந்தேன். தலைச்சுற்றைவிட இரண்டு விரல் கூடுதலாக அட்டைப் பட்டை வெட்டி, மேல் விளிம்பைக் கூர்கூராக நறுக்கி, கோதுமை மாப் பசையால் முனைகளை இணைத்து, மேலே வண்ணக் கிரேப் தாள் சுற்ற வேண்டும். பிள்ளைகள் பசையைத் தின்றால் என்ன செய்வது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. முதலாம் வகுப்பு பசையைத் தின்றது. உப்பு போதவில்லை என்றும் ஒருவன் அபிப்பிராயம் சொன்னான்.

"யார் கிருஷ்ணர் வேஷம் போடுவது?" என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. நரகாசுரனுக்கும் அதே வரவேற்புதான். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"நாங்க எல்லாரும் தொரை சார்."

"தீபாவளிக்கும் துரைக்கும் என்ன சம்பந்தம்? அசுரனைக் கொன்றது கிருஷ்ணர்தானே?"

"கொன்னாரு சார். ஆனா பேரு போடுறது தொரைதானே?"

பேர் போடுவதென்றால், அதிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, அன்றைய வேலையை அவரவர் பெயரில் பதிவது. பேர் விழுந்தால்தான் கூலி. தாமதமாக வந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. தெய்வத்துக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன நூல் எதையும் நான் படித்ததில்லை. கிரீடமும் செய்யுங்கள், தொப்பியும் செய்யுங்கள் என்று விட்டுவிட்டேன்.

துரைத் தொப்பிக்குக் கல்லூரி முறை கிடையாது. பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். சோற்றுச் சட்டியைக் கவிழ்த்து, பழைய பேப்பரைப் பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டி, அடுப்புக்கு மேலே காயவைத்து, சட்டியை உருவிவிட்டு, சுற்றிலும் விளிம்பு வைத்தார்கள். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளில் கிழிந்து கழிந்ததைத் தொழிற்சாலையில் வாங்கிவந்து மேலே பளபளவென்று ஒட்டினார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்புகளில் அந்த வாரம் சட்டிப் பஞ்சம். "தொப்பிய வச்சுக்கங்க சார், என் சட்டிய மட்டும் குடுத்துருங்க" என்று ஒரு தாய் என் வாசலில் வந்து நின்றாள்.

செய்தி பெரிய கிளாக்கருக்கு எட்டியது. ஓடி வந்தார்.

"மாஸ்டர், தொரை வேசம் போட்டுக்கிட்டு தொரைக்கு முன்னாலயே போறதா? உங்களையும் அனுப்பிருவாரு, என்னையும் அனுப்பிருவாரு! கிரீடத்தோட வாங்க. பழத்தைக் குடுங்க. கும்பிடுங்க. போங்க. கூரைப் பேச்சை நான் நாள் பார்த்துச் சொல்றேன்."

தொப்பிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும்படி கட்டளையிட்டேன். "சரி சார்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தீபாவளி காலையில் புதுச் சட்டையும், குளிருக்குக் கம்பளிப் போர்வையும், தலையில் கிரீடமுமாகப் பிள்ளைகள் பங்களாப் புல்தரையில் வரிசையாக நின்றார்கள். துரை இன்னும் வெளியே வரவில்லை. மழை வந்தது. தப்பின் தோல் தொய்ந்து சத்தம் அடங்கியது. கிரேப் தாளின் சிவப்பு மூக்கு வழியாகவும், பச்சை காது வழியாகவும் இறங்கிப் புதுச் சட்டைகளில் கலந்தன. "ஐயோ, கடன் சட்டை!" என்று பின்னாலிருந்து தாய்மார்கள் அலறினார்கள். கல்லூரி முறைக் கிரீடங்கள் ஒவ்வொன்றாகக் கழுத்துக்கு இறங்கின.

அப்போது கம்பளிகளுக்குள்ளிருந்து தொப்பிகள் வெளியே வந்தன. ஈயத்தாளில் மழை பட்டு உருண்டு ஓடியது. ஒரு தோட்டத்துக்குத் தேவையானதைவிட மிக அதிகமான துரைமார் என் முன்னால் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து, வாயைத் துடைத்தபடி அசல் துரை வராந்தாவுக்கு வந்தார். மூன்றாம் வகுப்புக்காரி ஓரடி முன்னால் வந்து, கால்களை அகட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏய்! ஏன் லேட்டு? அரப்பேரு!"

பெரிய கிளாக்கரின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் பிழிபட்டது.

துரை தமிழ் கற்றது பெரட்டுக் களத்தில். ஆகவே அவருக்கு இந்த வாக்கியம் முழுவதும் புரிந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நான் கொஞ்சமும் எதிர்பாராத விதமாக, இரண்டு கைகளையும் குவித்தார்.

"சலாம் தொரை. மழை தொரை. அதுதான் லேட்டு."

"மழையா? எங்க பள்ளிக்கூடத்துக்கு உள்ளுக்கயே மழை பேயுது. நாங்க வரலியா?"

"அப்புடிக் கேளு தாயி!" என்றது பின்வரிசையில் ஒரு பெண் குரல்.

துரை திரும்பினார். "ஸ்கூல் உள்ளே மழையா, கிளாக்கர்?"

"லேசான சாரல்தாங்க தொரை."

"சாரலா?" என்று அவள் என்னைப் பார்த்தாள். "அவரையும் வந்து எங்க பெஞ்சுல ஒக்காரச் சொல்லுங்க சார்."

துரை வயிறு குலுங்கச் சிரித்தார். "தகரம் போடு. இந்த வாரமே போடு" என்றார்.

"அப்பன்னா முழுப்பேரு" என்றாள் அவள்.

அந்த வாரமே தகரம் வந்தது. பழைய கொட்டகை ஒன்றிலிருந்து கழற்றியவை; ஆணித் துளைகளோடு வந்தன. துளைகள் எங்கேயாவது அமைந்துதானே ஆக வேண்டும்? பெஞ்சுகளுக்கு மேலே ஒன்றும் அமையவில்லை. தாய்மார்கள் வந்து அண்ணாந்து பார்த்துத் திருப்தியடைந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள், இருமல் நின்றது. துளைகள் அனைத்தும் என் நாற்காலிக்கு நேர் மேலே கூடியிருந்தன.

அதை அறிவிப்பதற்கான முறை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அறிவிக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் வகுப்புக்குள் நடந்துகொண்டே பாடம் சொன்னேன். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, நாற்காலியைத் தொடாத இப்படியொரு துடிப்பான ஆசிரியரை இந்த மாவட்டத்தில் கண்டதில்லை என்று பாராட்டிவிட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.