மாரிசெல்வியின் கூம்பு

ஏழாயிரம்பண்ணை மாரிசெல்விக்குப் பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்கள் வைத்த பெயர் 'வெளங்கல'. பாடம் முடித்து வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், வகுப்பே "புரிஞ்சது சார்" என்று ராகம் இழுக்கும். அது அடங்கியதும் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும்.

"எனக்கு வெளங்கல சார்."

அவள் ஒன்றும் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள் இல்லை. 2004 காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் முப்பத்தொன்று. அந்தத் தாளை ஒளித்து வைக்காமல், வகுப்பில் முதலாவதாக வரும் ரோஜாவிடம் நேராக எடுத்துப்போய், "நான் எங்கன தப்புனேன், பாரு" என்று கேட்டாள்.

ஐப்பசியில் கணக்கு வாத்தியார் லட்சுமிகாந்தம் கூம்பு நடத்தினார். ஒரே உயரம், ஒரே வாய் அகலம் உள்ள உருளை கொள்வதில் மூன்றில் ஒரு பங்குதான் கூம்பு கொள்ளும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார். கை உயர்ந்தது.

"ஏன் சார் மூணுல ஒண்ணு? பாத்தா பாதி இருக்கும்போலல்ல தெரியுது?"

"பரீட்சையில ஏன்னு கேக்க மாட்டாக. எழுது."

வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பழைய காலண்டர் அட்டையை வெட்டி, ஓர் உருளையும் ஒரு கூம்பும் சுருட்டிப் பசை தடவி ஒட்டினாள்.

மறுநாள் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு, எல்லோர் முன்னாலும் கூம்பில் மணலை அள்ளி உருளையில் கொட்டினாள். இரண்டரைத் தடவையிலேயே உருளை நிறைந்து, மேஜையெல்லாம் மணல்.

"சூத்திரத்தையே மாத்திட்டாடோய்!" என்று பின்பெஞ்சு கத்தியது.

காதெல்லாம் சுட்டது அவளுக்கு. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தாள். கூம்பின் வாய் உருளையின் வாயைவிட அரை விரற்கடை கூடுதல் அகலமாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த நாள் காலை மணி அடிக்குமுன்னே, புதிதாகச் சுருட்டிய கூம்போடு வாத்தியார்கள் அறை வாசலில் நின்றாள். "நேத்து நான் தப்பாச் சுருட்டிட்டேன் சார். இன்னொருக்கா பாக்கீகளா?"

வகுப்பில் எல்லோர் முன்னாலும் வைத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மணல் உருளையின் விளிம்போடு சமமாக நின்றது. வாத்தியார் கூம்பை வாங்கித் தானும் ஒருமுறை கொட்டிப் பார்த்தார்.

"இருவது வருசமா எழுதிப் போடுறேன் தாயி. கொட்டிப் பாத்தது இன்னைக்குத்தான்." பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "உண்மையச் சொல்லுங்க. முந்தாநாள் யாருக்கெல்லாம் வெளங்கல?"

முதலில் எழுந்தது ரோஜாவின் கை. அதைப் பார்த்துவிட்டு இன்னும் முப்பத்திரண்டு கைகள்.

அதன்பிறகு கணக்கு வகுப்பு மெதுவாகத்தான் நகர்ந்தது. பாடத்தை முடிக்கச் சனிக்கிழமையும் வரவேண்டியிருந்தது. பையன்கள் முனகினார்கள்; ஆனால் அவர்களும் கேள்வி கேட்கப் பழகிவிட்டார்கள்.

மே மாதக் கடைசியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்தது. பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து அம்மா மாடத்தி இறங்கும் முன்பே அவள் ஓடினாள்.

"கணக்குல எம்புட்டு?"

"எம்பத்தி நாலும்மா!"

மாடத்தி இறங்கவேயில்லை. இறங்க வந்த படியிலேயே திரும்பி, வேனுக்குள் இருந்த பதினாலு பெண்களிடமும் அதைச் சத்தமாகச் சொன்னாள். சாத்தூர்க் காராச்சேவு வாங்கித் தந்தால்தான் வண்டி நகரும் என்று டிரைவர் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.