ராயபுரத்திலிருந்து எண்ணூர்: சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தது யார்?

இந்தப் பயணத்துக்குக் காரணம் வயிற்றெரிச்சல். கோயில், குளம், மலை என்று இந்த வலைப்பூவில் எத்தனையோ ஒருநாள் பயணங்கள் எழுதியிருக்கிறேன். பொறாமை தாங்காமல் ஒரு ஊருக்குக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. யாரிடம் மறைக்க வேண்டும், சொல்லிவிடுகிறேன்.

சுகுணாவும் நானும் ராயபுரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒரே கல்லூரியில் புவியியல் எம்.ஏ. படித்தோம். அவள் எங்கள் துறையின் முதல் பெண் ஆய்வாளர் ஆனாள், முதல் பெண் துறைத் தலைவர் ஆனாள், கடைசியில் துணைவேந்தரும் ஆனாள். நான் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அட்சரேகை, தீர்க்கரேகை நடத்தி ஓய்வு பெற்றேன். சரி, அவரவர் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். ஆனால் போன மாதம் யூடியூபில் அவளுடைய பேட்டி ஒன்று வந்தது. "அந்தக் காலத்தில் பெண்களை அளவை முகாமுக்கு விடமாட்டார்கள். நான் தன்னந்தனியாக ஒரு சங்கிலியை எடுத்துக்கொண்டு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை அளந்தேன்" என்று சொல்கிறாள். கீழே ஆயிரம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

தன்னந்தனியாகவாம்! நில அளவைச் சங்கிலி இருபது மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் பித்தளைப் பிடி. ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், மறுமுனையை இன்னொருவர் இழுத்துக்கொண்டு போக வேண்டும். புவியியல் படித்த எந்தப் பிள்ளையும் கேட்டவுடன் சிரித்திருக்க வேண்டும். ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த மறுமுனையைப் பிடித்தவள் நான். போனை சோபாவில் வீசினேன். என் வீட்டுக்காரர் பொங்கலைத் தின்றுகொண்டே, "உனக்கு எரியுதுன்னா ஜெலுசில் போடு" என்றார். மனிதருக்கு எல்லாம் கிண்டல்.

சுகுணா ஓய்வுக்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, தை மாத ஞாயிறு ஒன்றில், மாணவர்களையும் ஆர்வமுள்ளவர்களையும் அதே வழியில் கூட்டிக்கொண்டு போகிறாள். கட்டணம் கிடையாது. நான் பெயர் கொடுத்தேன். எண்ணூரில் எல்லார் முன்னிலையிலும் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு செய்துகொண்டேன்: மறுமுனையைப் பிடித்தது யார்? அவள் வாயால் என் பெயர் ஒருமுறை வர வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

தாம்பரத்தில் காலை 5.10 மின்சார ரயில். கடற்கரை நிலையத்துக்குப் பத்து ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஆட்டோ, நூறு ரூபாய். ஓட்டுநர் நான் கையில் தொப்பியோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, மீனு வாங்கவா?" என்றார்.

"இல்லப்பா, கரையைப் பார்க்க."

"கரையா? அது எங்கமா கீது? வெறும் கல்லுதான் கீது. பாக்கணும்னா மெரினாவாண்ட போய்க்கினே இரு, இங்க இன்னாத்துக்கு பேஜாரு?"

அவர் சொன்னது தப்பில்லை. துறைமுகம் கட்டியதும் தெற்கேயிருந்து வரும் மணல் சுவரில் முட்டித் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அகலமானது, வடக்கே கடல் கரையைத் தின்றது. இதை நான் கரும்பலகையில் முப்பது வருஷம் வரைந்திருக்கிறேன். சுகுணா எத்தனை அடி போனது என்று அளந்து சொன்னாள். அதுதான் அவளுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது.

மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருபத்தைந்து பேர் கூடியிருந்தார்கள். எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள், நடுநடுவே என்னைப் போல் நரைத்த தலை இரண்டு மூன்று. சுகுணா வந்தாள். எழுபதைத் தாண்டியவள், கைத்தறிச் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ, முழங்காலில் பட்டை கிடையாது. எனக்கு இரண்டு முழங்காலிலும் பட்டை. இதைக்கூடக் கடவுள் அவளுக்குத்தான் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

"லல்லி! அடிப்பாவி, நெஜமாவே வந்துட்டியா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மேடையில் செந்தமிழ் பேசுகிறவள் என்னைக் கண்டால் மட்டும் பழைய ராயபுரம் ஆகிவிடுவாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "இவ என் தோஸ்து லலிதா. ஒரே தெரு" என்று அறிமுகப்படுத்தினாள். அவ்வளவுதான். ஒரே தெருவாம்! தெருவில் போகிற மாட்டுக்கும் அதே அறிமுகம் பொருந்தும்.

துறைமுகத்திலிருந்து கல் கொட்டிய கரையோரமாக இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும் சாலை, எனவே குழந்தைகளைக் கூட்டி வருவோர் கையை விடாதீர்கள். என்னோடு நடந்த பெண் நிவேதா, வியாசர்பாடிக்காரி, இரண்டாம் ஆண்டு. வழியெல்லாம் சுகுணா புராணம். துறைத் தலைவர் ஆனதும் சுகுணா போட்ட முதல் உத்தரவு, பெண்கள் வராத அளவை முகாம் இனி நடக்காது என்பதாம். துணைவேந்தர் ஆனதும் முகாமுக்குக் கூடாரத்தோடு கழிப்பறையும் சேர்ந்து போக வேண்டும் என்று நிதிக் குழுவில் சண்டை போட்டாளாம். "மேடம் மட்டும் இல்லன்னா எங்க வூட்ல என்னை அனுப்பியே இருக்க மாட்டாங்க மா" என்றாள். நான் "ஓகோ" என்றேன். வேறென்ன சொல்வது? செய்தது நல்ல காரியம், அதை மறுக்க முடியாததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புது வண்ணாரப்பேட்டை மெட்ரோவுக்கு எதிர்ச் சந்தில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். அறுபது ரூபாய்க்கு வயிறு நிறையும், வடகறி காரம். சுகுணா எழுந்து வந்து என் தட்டில் இன்னொரு இட்லி வைத்து, "துன்னுடி, ஒல்லியா பூட்ட" என்றாள். கோபமாக இருக்கிறவளுக்கு இட்லி வைத்தால் என்ன செய்வது, சாப்பிட்டேன். மெட்ரோவில் விம்கோ நகர் பதினைந்து நிமிடம்கூட இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் அந்தத் தூரத்தில் பெரும்பகுதியைச் சங்கிலி சங்கிலியாகக் கடந்தோம். குளுகுளு பெட்டியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே கூரைகளைப் பார்த்தபோது, என் உள்ளங்கையில் பித்தளைப் பிடி உறுத்திய இடம் எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது.

விம்கோ நகரிலிருந்து எண்ணூர் தாழங்குப்பம் ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தில் மணல் இருக்கிறது, ஆறு கடலில் சேர்கிறது, அக்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். பத்தரை மணி வெயில். நான்கைந்து பேர் வலையைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார்கள்.

சுகுணா துணிப்பையிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்தாள். அதே மாதிரிதான், துரு ஏறியது. "இப்ப எல்லாம் செயற்கைக்கோள் சொல்லிடும். ஆனாலும் ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள். ஒரு முனையைப் பிடிக்க யார் வருகிறீர்கள்?" என்றாள். பத்து கைகள் உயர்ந்தன.

நான் கையைத் தூக்கவில்லை. ஆனால் வாய் திறந்துவிட்டது. "ஒரு சந்தேகம், மேடம். இதைப் பிடிக்க ரெண்டு பேர் வேணுமே. நீங்க தன்னந்தனியா அளந்ததா சொல்றீங்களே. அப்போ மறுமுனையை யார் பிடிச்சா?"

பிள்ளைகள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முகம் சுருங்கும், மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னிடம் நெருங்கி வந்து, மெதுவாக, "சொல்லட்டுமாடி? பரவால்லியா?" என்றாள்.

"என்கிட்ட என்ன கேக்கறே? சொல்லு."

"நீதானடி என் தலை மேல கைய வச்சு சத்தியம் வாங்குன! யாரு கேட்டாலும் நான் தனியாத்தான் போனேன்னு சொல்லணும், மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்னு அழுத. உங்க வூட்டுக்காரருக்கு இன்னும் தெரியாதோன்னுதான் நானும் வாயத் தொறக்காம கீறேன்."

தட்டச்சு வகுப்புக்குப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்ததும், திருவொற்றியூர் கரையில் என் சித்தப்பா எங்களைப் பார்த்ததும், தரதரவென்று இழுத்துக்கொண்டு போனதும் எல்லாம் நினைவில் இருந்தது. சத்தியம் வாங்கியது மட்டும் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அவள் சொன்ன நொடியில் அவள் உச்சந்தலையின் எண்ணெய்ப் பிசுக்குகூடக் கைக்கு வந்தது. ஒரு மாதமாக நான் திட்டிக்கொண்டிருந்த அந்தத் 'தன்னந்தனியாக'வை அவள் வாயில் போட்டதே நான்தான். எந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்தேனோ அந்த மாப்பிள்ளை இதைக் கேட்டால், "அப்படியா, எவ்ளோ தூரம் அளந்தே?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார்.

சுகுணா பிள்ளைகள் பக்கம் திரும்பி, உரக்க, "ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை மறுமுனையைப் பிடித்தவர் இந்த லலிதா. என்னைவிட நேராகப் பிடிப்பார்" என்றாள். கைதட்டினார்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். நிவேதா விடவில்லை. "திருவொற்றியூருக்கு அப்பறம் யாரு மேடம் புடிச்சாங்க?"

"கடப்பாரை" என்றாள் சுகுணா.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "கொருக்குப்பேட்டைல தண்டவாள வேலை செய்றவங்ககிட்ட கெஞ்சி ஒரு கடப்பாரை வாங்கினேன். அதை மணலில் அடித்து ஒரு பிடியை மாட்டுவேன். மறுமுனையை இழுத்துக்கொண்டு போய்க் குறி வைப்பேன். திரும்பி வந்து கடப்பாரையைப் பிடுங்குவேன். மறுபடி நடப்பேன். ஒவ்வொரு சங்கிலிக்கும் மூன்று நடை. இங்கே, இந்த முகத்துவாரம் வரை அப்படித்தான்."

என் இடத்தில் ஒரு கடப்பாரை நின்றிருக்கிறது! நான் பட்டுச்சேலைக்கு ஜாக்கெட் துணி பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவள் இந்த மணலில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். பிறகு அவள் பித்தளைப் பிடியை என் கையில் கொடுத்தாள். நான் பிடித்து நின்றேன், அவள் இழுத்துக்கொண்டு போனாள். "இஸ்துப் புடிடி, தொங்குது!" என்று அங்கிருந்து கத்தினாள். வலை உதறிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "கெய்விங்க ரெண்டும் நல்லா அளக்குதுபா" என்றார்.

திரும்பிய கதைக்கு முன், போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. தை, மாசிதான் சரியான காலம், சித்திரை வெயிலில் போகாதீர்கள். ஷூ கட்டாயம், கற்களின் மேல் செருப்பு வழுக்கும். காசிமேட்டைத் தாண்டினால் பெண்களுக்குக் கழிப்பறை மெட்ரோ நிலையங்களில்தான், அங்கேயே போய்விடுங்கள். முகத்துவாரத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள், சுழல் இருக்கிறது, சாம்பல் சேறும் இருக்கிறது. படகுக்காரர்களைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். எண்ணூர் ரயில் நிலையத்திலிருந்து சென்ட்ரல் பக்கம் போக ஐந்து ரூபாய் டிக்கெட் போதும். தாம்பரத்திலிருந்து போய் வர, சாப்பாடு சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம்.

அந்த ரயிலில் நிவேதா எனக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாள். ரயிலுக்குக் காத்திருந்தபோதே சித்தப்பா என்னை இழுத்துக்கொண்டு போன கதையை அவளிடம் சொல்லியிருந்தேன். கத்திவாக்கம் தாண்டியதும், தயங்கித் தயங்கி, "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்க சித்தப்பா மட்டும் அன்னிக்கு வரலன்னா நீங்களும் வி.சி. ஆகியிருப்பீங்கல்ல?" என்றாள்.

இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்த பதிலும் அதுதான். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதிர் இருக்கையில் சுகுணா அந்தச் சங்கிலிப் பையை மடியில் வைத்தபடி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றேன். "அவ சித்தப்பா வந்து அவளை இழுத்துட்டுப் போயிருந்தா, நான் சங்கிலியைச் சுருட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கடப்பாரை கேட்கணும்னு எனக்குத் தோணியே இருக்காது."

பொறாமை தீரவில்லை. இத்தனை நாள் அவள் பதவியைப் பார்த்துப் பட்டேன், இனி அந்தக் கடப்பாரையைப் பார்த்துப் படுவேன். இது அதைவிட அதிகமாக எரிகிறது.