டெல்ஃபின் எழுதாத எண்

டெல்ஃபின் எட்சிட்டி என் மாமா மகள். அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் டினே ஜனத்தில் மாமா மகளும் அத்தை மகனும் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் சின்ன வயதிலிருந்து செய்து வருகிறேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் இருந்ததே இல்லை.

நடை பழகிய காலத்திலேயே ஆட்டுக்குப் பின்னால் போனவள் அவள். வயது வந்ததும் பீனிக்ஸ் நகரத்துக்குப் போய், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் ஒரு வேலையைப் பிடித்தாள், அங்கேயே ஒரு புருஷனையும் பிடித்தாள். இரண்டுமே சரிப்பட்டு வரவில்லை. அவள் அம்மாவுக்குக் கண் மங்கியபோது பழைய பிக்கப் வண்டியில் நாலு பெட்டியோடு திரும்பி வந்து, மந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். காபியில் சர்க்கரையைக் கொட்டிக்கொள்வாள். யாராவது போட்டோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நகைச்சுவை சொன்னால் மறுநாள் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஆடு ஈனும் நேரத்துக்கு ஒரு கொட்டகை வேண்டும். எங்கள் பக்கம் வசந்தம் வந்துவிட்டது என்று எல்லோரும் கோட்டைக் கழற்றிய பிறகுதான் கடைசிப் பனி கொட்டும். அந்தப் பனியில், பிறந்த ஈரம் காயாத குட்டிகள் விறைத்துப்போகும். சிலதைத் தூக்கிவந்து அடுப்புப் பக்கத்தில் அட்டைப் பெட்டியில் படுக்க வைப்பாள். எல்லாவற்றையும் தூக்கிவர இரண்டு கை போதாது. கொட்டகை போடக் கடன் வேண்டும், கடன் வாங்கக் கணக்கு வேண்டும். அதனால்தான் அவள் ஊர் மண்டபத்தில் நடந்த பயிற்சியில் போய் உட்கார்ந்தாள்.

‘புதிதாக ஆடு மாடு வளர்ப்போருக்கான பயிற்சி’ என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஐம்பதைத் தொடப்போகிறவள் ஆடு வளர்க்கப் புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் ஒரு வாரம் என் வீட்டுப் பக்கம் வண்டியைக்கூடத் திருப்பவில்லை.

சொல்லிக்கொடுக்க வந்தவன் லீலண்ட் பிட்சுயி, சின்லி ஊர்க்காரன். கல்லூரியில் பண்ணைக் கணக்குப் படித்தவன். முதல் நாள் எழுந்து நின்று தன் குலங்களைச் சொன்னான். அம்மா வழியில் டெல்ஃபினுடைய குலமேதான். அந்த நிமிஷம் அவன் அவளுக்குத் தம்பி ஆகிவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு மரியாதை ஏது? சட்டை கசங்கியிருந்தாலும் கேட்டாள், வாத்தியார் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் கேட்டாள்.

ஆனால் சொன்னதைச் செய்தாள். புல்கட்டு வாங்கிய சீட்டு, தண்ணீர்ப் பீப்பாய் நிரப்பப் போன பெட்ரோல், கம்பளி விற்ற வரவு, சடங்குக்குக் கொடுத்த ஆடு எல்லாம் கணக்கில் தனித்தனியாக ஏறின. செத்த குட்டிகளையும் விடவில்லை, முந்திய வருஷங்களில் செத்ததையும் சேர்த்து. பனியில் போனது, நாய் கடித்தது, கயோட்டி நரி தூக்கியது என்று காரணத்தோடு எழுதினாள். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், என் சம்பளமே எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பயிற்சி முடியும் சமயத்தில் கடன் விண்ணப்பத்தோடு வைக்க அடுத்த வருஷத் திட்டத்தை எழுதச் சொன்னார்கள். எத்தனை குட்டி பிறக்கும், எத்தனை விற்கும் என்றெல்லாம் கட்டங்கள். கடைசியில் ஒரு கட்டம்: அடுத்த வருஷம் எத்தனை சாகும்?

வரப்போகும் கெட்டதை நாங்கள் வாயால் சொல்வதில்லை. சொன்னால் அது வழி கேட்டு வந்துவிடும். வகுப்பில் எல்லோரும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்கள். லீலண்டும் பார்த்தான், அப்படியே அடுக்கி, கேலப் நகரத்துக் கடன் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டான்.

அத்தனையும் திரும்பி வந்தது. கடன் அலுவலகத்து அம்மாள் போனில், “உங்க ஊர்ல ஆடு சாகறதே இல்லையா?” என்று கேட்டாராம். எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பதாக நினைத்துவிட்டார் போல. அவன் இதை மண்டபத்தில் சொன்னபோது பாதிப் பேர் சிரித்தார்கள். டெல்ஃபின் சிரிக்கவில்லை. மழைக்காலம் போய்க்கொண்டிருந்தது. குளிரில் மண் இறுகுமுன் கால் நடாவிட்டால் அந்த வருஷம் கொட்டகை இல்லை.

லீலண்ட் கெஞ்சிப் பார்த்தான். வெறும் காகிதம்தான், ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுவிடுங்கள் என்றான்.

“உங்க அம்மா மந்தைக்கும் இதே மாதிரி எழுதினியே, அதுல என்ன போட்ட?” என்று கேட்டாள் டெல்ஃபின்.

அவன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனும் பூஜ்யம்தான்.

அவளுடைய பிக்கப் படுத்துவிட்டதால், அந்த அம்மாளிடம் நேரில் பேச அவளைக் கேலப்புக்கு நான் கூட்டிப்போனேன். வழியெல்லாம், உன்னைப் பார்த்ததும் கடனோடு ஒரு புருஷனையும் சேர்த்துக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று சீண்டிக்கொண்டே வந்தேன். அவள் மடியில் கணக்குப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்த அம்மாள் பெயர் உலிபரி, எங்கள் ஜனமில்லை. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கணக்கைப் புரட்டினார். முகத்தில் இருந்த சந்தேகம் போனது. இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர் இந்தக் கட்டத்தை மட்டும் ஏன் இப்படி விட்டீர்கள் என்று மெதுவாகத்தான் கேட்டார்.

“நடந்ததைக் கேளுங்கம்மா, ஒண்ணு விடாம சொல்றேன்” என்றாள் டெல்ஃபின். “நடக்கப்போறதைக் கேக்காதீங்க. இன்னும் பிறக்காத குட்டி அதெல்லாம். அதுல இத்தனை சாகும்னு நானே எப்படிச் சொல்லுவேன்? வான்னு கூப்பிட்ட மாதிரி ஆயிடும்.”

எண் இல்லாமல் மேலே அனுப்ப முடியாது, பூஜ்யத்தையும் ஏற்க மாட்டார்கள் என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு அவரே தவித்துப் போனார். நான் தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தேன். இது நடக்காது, எழுந்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

டெல்ஃபின் கணக்குப் பையை மேஜைக்கு அந்தப் பக்கம் தள்ளினாள். “போன வருஷங்களோடது எல்லாம் இதுல இருக்கு. பார்த்துட்டு நீங்களே எழுதிக்குங்க. எனக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம்.”

உலிபரி அம்மாள் வெகுநேரம் அந்தக் கணக்கைப் பார்த்தார். பிறகு கட்டத்தில் ஏதோ எழுதினார். எழுதிய வரி தெரியாதபடி காகிதத்தை மடித்து, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினார். டெல்ஃபின் போட்டாள். வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கும் இப்படியே செய்துவிடலாமா என்று அவரே கேட்டார். லீலண்ட் மறுவாரம் எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

கடன் வந்தது. சொந்தக்காரர்கள் கூடி இரண்டு வார இறுதியில் கொட்டகையை எழுப்பினோம். என் கட்டைவிரலில் சுத்தியல் பட்டதற்கு மட்டும் டெல்ஃபின் உடனே சிரித்தாள். அந்த வசந்தத்திலும் கடைசிப் பனி தவறாமல் கொட்டியது. முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. உள்ளே குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பனியில் ஒன்றுகூடப் போகவில்லை. நாய்களும் நோயுமாக நாலு போயிற்று. அதற்கு முந்திய வருஷங்களில் ஒரு டஜனுக்குக் குறைந்ததே இல்லை.

வருஷம் முடிந்து திட்டத்தையும் கணக்கையும் ஒத்துப்பார்க்க லீலண்ட் அவள் வீட்டுக்கு வந்தான். நடந்து முடிந்தது, இனிப் படிக்கலாம். அலுவலகம் மடித்தே கொடுத்திருந்த நகலைப் பிரித்தவன் நெற்றியைச் சுருக்கினான். மற்றவர்களுடைய காகிதங்களையும் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“அக்கா, உங்க பழைய கணக்குப்படி பத்துக்கு மேல வரணும். அந்தம்மா ஒண்ணுன்னு போட்டிருக்காங்க. எல்லாருக்குமே ஒண்ணுதான் போட்டிருக்காங்க. இத்தனை வருஷம் அந்த வேலை பார்க்கறவங்களுக்கு இதுகூடத் தெரியாதா?”

டெல்ஃபின் காகிதத்தை வாங்கி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். முதல் தடவையாக.

“தெரியாம இல்லடா தம்பி” என்றாள். “எழுதப் போனப்ப, அவங்களுக்கும் கை வரல.”