டயர் கடை மாடியில் ஒரு தொலைக்காட்சி

லாபம் பார்க்காத கல்வித் தொலைக்காட்சியில் வேலை செய்கிறவனிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அது சரி, பிழைப்புக்கு என்ன செய்யிறீங்க?" என்னைப்போல நல்ல காரியத்தில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் படப்பிடிப்புக் கூடம். ஒரு சிறிய சங்கம் நடத்துகிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடங்களைப் படம்பிடித்து, ஒரு தொலைக்காட்சி நிலையம் இலவசமாகத் தரும் காலை நேரத்தில் ஒளிபரப்புகிறோம். கேமரா, விளக்கு, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நான்தான்.

பூட்டுப் போட்ட அலமாரி

இந்தப் பைத்தியம் எனக்குப் பள்ளியிலேயே பிடித்தது. அப்போதெல்லாம் அரசாங்கம் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்துப் பாடங்களை ஒளிபரப்பி வந்தது. எங்கள் தோட்டப் பள்ளியில் அந்தப் பெட்டி பூட்டுப் போட்ட மர அலமாரிக்குள் இருக்கும். ஒரு நாள் இதயம் வேலை செய்வதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது.

அறிவியல் ஆசிரியர் சுப்பையா சார் சளைக்கவில்லை. பெஞ்சுகளை இழுத்துப் போட்டு இதயத்தின் அறைகளாக்கினார். எங்களை ரத்தமாக்கி ஓடவிட்டார். லட்சுமி என்ற பெண் வால்வு. போனவன் திரும்பி வரப் பார்த்தால் பிடித்துத் தள்ளுவாள். கரண்ட் வந்து பெட்டி மறுபடி பேச ஆரம்பித்ததும் அவள் மூச்சிரைக்கக் கத்தினாள்: "சார், அந்தப் பெட்டிய அடைச்சிட்டு வாங்க சார், இங்க ரத்தம் அப்படியே நிக்குது!"

முதுகு

எங்கள் கூடத்தில் கணிதமும் அறிவியலும் நடத்தும் மாலதி டீச்சர், வகுப்பறைப் பழக்கத்தில் பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசுவார். ஒரு நாள் பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். மகள் யாழினிக்குக் காது கேட்காதாம். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாளாம். "பின்னப் பாடம் முழுக்க டீச்சரோட கொண்டையைத்தாங்க பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா" என்றார்.

டீச்சரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு எழுதும்போது வாய் திறப்பதில்லை. எழுதி முடித்து, திரும்பி நின்றுதான் பேச்சு. பழைய பின்னப் பாடங்களையும் மறுபடி எடுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எடுத்தோம். திரையின் அடியில் எழுத்துகளும் சேர்த்தேன். பள்ளி விடுமுறையில் யாழினி எங்கள் கூடத்துக்கு வந்தாள். டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், ஒவ்வொரு சொல்லாக நிதானமாகச் சொன்னாள்: "டீச்சர், இப்ப நீங்க என்கிட்டயும் பேசுறீங்க."

ஊசியும் வரலாறும்

வரலாற்றுப் பாடத்தை ஒரு முறை வேறு கிழமைக்கு மாற்றினோம். மறுநாளே மூச்சு வாங்க மாடியேறி வந்தார் ராஜு அண்ணன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். குறிப்பிட்ட கிழமைகளில் அவர் போகும் டயாலிசிஸ் நிலையத்தில், படுக்கைக்கு எதிரே உள்ள டிவியில் எங்கள் நிகழ்ச்சிதான் ஓடுமாம். பக்கத்துப் படுக்கைச் சீனருக்கும் மலாய்க்காரத் தாதிக்கும் இவர்தான் மொழிபெயர்ப்பாளராம். "மலாக்கா கோட்டை என்னா ஆச்சுன்னு தெரியாம அங்க மூணு பேரு தவிக்கிறோம்" என்றார்.

"அண்ணே, அது பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு உள்ள பாடமாச்சே" என்றேன்.

"கையில ஊசியைக் குத்தி நாலு மணி நேரம் படுக்க வெச்சிடுறாங்க தம்பி, அங்க நாங்க எல்லாருமே நல்ல பிள்ளைங்கதான் லா!"

பாலத்துக்கு அந்தப் பக்கம்

கோவிட் காலத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லையை மூடியபோது, எங்கள் ஊர்ச் செல்வம் எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டார். அங்கே கிடங்கில் இரவு வேலை. மனைவியும் நான்காம் ஆண்டு படிக்கும் மகள் தர்ஷினியும் கூலாயில். பள்ளி கிடையாது. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியை அம்மா தொழிற்சாலைக்கு எடுத்துப் போய்விடுவார். இணைய வகுப்புக்கு வழியில்லாத பிள்ளைக்கு எங்கள் பாடம் ஒன்றுதான்.

மாதங்கள் ஓடின. "அப்பா இனிமே வரவே மாட்டாரு" என்று தர்ஷினி முடிவு கட்டிவிட்டாள். அவர் அழைத்தால் பேசுவதில்லை. ஜொகூர் அலைவரிசை, அவர் தங்கியிருந்த சிங்கப்பூரின் எல்லையோர உட்லண்ட்ஸ் வரைக்கும் எட்டும். செல்வம் தன் வாடகை அறையில், வேலை முடிந்து வந்ததும் தூங்காமல் எங்கள் பாடத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு நாள் அறிவியல் சோதனையில் மாலதி டீச்சர் மேசையெல்லாம் தண்ணீரைக் கொட்டிவிட்டார். வெட்ட நேரமில்லாமல் அப்படியே போட்டிருந்தோம். மாலையில் அழைத்த செல்வம், மனைவி பிடித்திருந்த கைப்பேசியில் உரக்கக் கேட்டார்: "தர்ஷினி, இன்னைக்கு டீச்சர் தண்ணியைக் கொட்டினாங்களே, பார்த்தியாம்மா?" பிள்ளை ஓடிவந்து கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாளாம். அன்றிலிருந்து தினமும் இருவருக்கும் ஒரே பாடம், ஒரே வீட்டுப்பாடம்.

எல்லை திறந்ததும் மூவரும் எங்களைப் பார்க்க வந்தார்கள். செல்வம் கும்பிட்டுக்கொண்டே நின்றார். தர்ஷினிதான் அவர் கையைப் பிடித்து டீச்சர் முன்னால் இழுத்து வந்தாள்: "டீச்சர், எங்கப்பாவும் உங்க கிளாஸ்தான், ஆனா கணக்குல கொஞ்சம் வீக்கு."

மிட்டாய்

போன வருடம் பணமில்லாமல் கூடத்தை மூடும் நிலைமை வந்தது. ஒரு மிட்டாய் நிறுவனம் முழுச் செலவையும் ஏற்க முன்வந்தது. பல் பராமரிப்புப் பாடத்தின் நடுவே அவர்கள் விளம்பரம் வரவேண்டும், அவ்வளவுதான். கூட்டத்தில் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் சங்கத் தலைவர் சொக்கலிங்கம், பத்து பாகாட்டில் துணிக்கடை வைத்திருப்பவர், எழுந்து கீழே டயர் கடைக்குப் போனார். கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சீன முதலாளியிடம், எங்கள் வழக்கில் தவுக்கேயிடம், பேசிவிட்டு வந்தார். நாங்கள் இங்கேயே இருக்கலாம், வாடகை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தவுக்கே சொல்லிவிட்டாராம். மற்றச் செலவு தன் துணிக்கடையைச் சேர்ந்தது என்றார் சொக்கலிங்கம். மிட்டாய்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன்.

"மிட்டாய் விக்கிறது அவங்க தொழில், துணி விக்கிறது என் தொழில், பிள்ளைங்கள விக்கிறது நம்ம தொழில் இல்லன்னு மரியாதையா எழுதிடுங்க."

சம்பளம் கம்மி, லீவு கிடையாது என்று தினமும் உங்களைப்போலவே புலம்பிக்கொண்டு, இந்த வேலையை யாரும் என்னிடமிருந்து பிடுங்கிவிடக்கூடாதே என்று தினமும் சாமியையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.